ஜாதகம் கிருமிக்குப் பாருங்கள்!

வீட்டில் குழந்தைக்கு ஜுரம். முதல் நாள் கஷாயம், நெற்றியில் பத்து. இரண்டாம் நாள் பாரசிட்டமால். மூன்றாம் நாள் டாக்டர். அவர் நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டுச் சொல்கிறார்: "வைரஸா இருக்கலாம், பாக்டீரியாவாவும் இருக்கலாம். எதுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் எழுதறேன். அஞ்சு நாள் குடுங்க. கேக்கலேன்னா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்."

இந்த 'எதுக்கும்' என்கிற ஒரு வார்த்தை இருக்கிறதே... அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டாக்டரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் நிலைமையில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள். ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்க 'கல்ச்சர்' பண்ண வேண்டும். அதாவது, ரத்தத்தை எடுத்து, கிருமிக்குத் தீனி போட்டு வளர்த்து, அது வளர்ந்த பிறகு ஆளைப் பார்ப்பது. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதுவரை ஜுரத்தில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதனால் குத்துமதிப்பாக ஒரு மருந்து.

ஆனால் இந்தக் குத்துமதிப்புக்கு உலகம் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. ஆன்டிபயாடிக் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் மருந்தைக் கொட்டக் கொட்ட, கிருமி பழகிப்போய் முரண்டு பிடிக்கிறது. நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கை கொடுப்பதில்லை.

சரி, 'எதுக்கும்' என்பதற்குப் பதிலாக 'இதுக்குத்தான்' என்று டாக்டர் சொல்ல வழி இருக்கிறதா? இருக்கிறது. விரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கான் சில்லு!

மாவு புளிக்கிற கதை

உங்கள் செல்போனுக்குள் இருக்கிற 'சிப்' என்கிற சில்லுதான் இதுவும். போனில் கணக்குப் போடுகிற அதே ஜாதிச் சில்லு, கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கும்? இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி, புளித்திருக்கிறது. ஏன்? உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. நாக்கில் ஒரு சொட்டு வைத்தாலே தெரிந்துவிடுகிறது, பெருகிவிட்டது என்று. கண்ணால் அவற்றைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தச் சில்லும் ஒரு நாக்கு. அவ்வளவுதான்!

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு ஜாதகம் உண்டு. அதற்குப் பெயர் டி.என்.ஏ. (சில வைரஸ்களுக்கு அது ஆர்.என்.ஏ.; அதையும் டி.என்.ஏ.வாக மாற்றிப் படித்துவிடலாம்.) நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீளமான சங்கிலி. காசநோய்க் கிருமியின் எழுத்து வரிசை வேறு, மலேரியாவுக்கு வேறு. நமக்கு வேண்டிய கிருமியின் வரிசையோடு மட்டும் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்னத் துண்டைத் தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். 'பிரைமர்' என்று பெயர். நோயாளியின் சாம்பிளில் அந்தக் கிருமி இருந்தால் பிரைமர் போய் ஒட்டும். ஒட்டினால் அந்த டி.என்.ஏ. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, லட்சமாகி, கோடியாகப் பெருகும். கிருமி இல்லாவிட்டால் ஒட்டாது, பெருக்கமும் இல்லை.

இப்போது புளிப்புக்கு வருவோம். டி.என்.ஏ. சங்கிலியில் ஒரு எழுத்து புதிதாகச் சேரும்போதெல்லாம் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறுகிறது. ஹைட்ரஜன் அயனி அதிகமானால் திரவம் புளிக்கிறது. அந்தப் புளிப்பு சில்லின் மேல்பரப்பில் பட்டதும் அதில் ஓடுகிற மின்சாரம் துளி மாறுகிறது. மாறினால் 'கிருமி இருக்கு'. மாறாவிட்டால் 'இல்லை'. விளக்கு, லென்ஸ், காமிரா எதுவும் தேவையில்லை.

புளிப்பை உணரும் இந்த டிரான்சிஸ்டரை நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் பெர்க்ஃபெல்ட் என்பவர் 1970-லேயே கொண்டுவந்துவிட்டார். அதை டி.என்.ஏ. பக்கம் திருப்பிய முக்கியமான ஆசாமி, லண்டன் இம்பீரியல் காலேஜ் பேராசிரியர் கிறிஸ் டூமாசூ. 2014-ல் அவருக்கு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. அமெரிக்காவில் ஜொனாதன் ராத்பெர்க்கின் குழு இதே தத்துவத்தில் சில்லு செய்து ஒரு மனிதரின் முழு மரபணுத் தொகுப்பையே படித்து 2011-ல் வெளியிட்டது. யாருடையது தெரியுமா? இன்டெல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர்! சில்லுத் தொழிலின் பெரியவருடைய ஜாதகத்தைச் சில்லே படித்துவிட்டது.

இம்பீரியல் காலேஜிலேயே இன்னொரு குழு, நாலாயிரத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட 'நாக்கு'கள் உள்ள சில்லைக் கையடக்கப் பெட்டியில் வைத்து, 20 நிமிஷத்துக்குள் கோவிட் வைரஸைக் கண்டுபிடித்து 2021-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது. முடிவு செல்போனில் வந்து விழும்.

"அட, இருபதே நிமிஷமா!" என்று வாயைப் பிளப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்த 20 நிமிஷம், சாம்பிளிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து எடுத்த பிறகு ஆகிற நேரம். சாம்பார் கொதிக்கப் பத்து நிமிஷம்தான், ஆனால் காய் நறுக்கி, பருப்பு வேகவைக்கிற நேரம் யார் கணக்கு? சளி, ரத்தம், எச்சில் இவற்றிலிருந்து டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரிப்பதுதான் இந்தத் துறையில் இன்றைக்கும் பெரிய தலைவலி. பெட்டி விளம்பரங்களைப் பார்க்கும்போது 'சாம்பிள் எடுத்ததிலிருந்து முடிவு வரை எவ்வளவு நேரம்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

வெளியூர்ப் பெட்டி மட்டுமா?

நம் நாட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் 'ட்ரூநாட்'. பெங்களூரின் பிக்டெக் ஆய்வுக்கூடமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. இதிலும் சின்னச் சில்லு உண்டு. ஆனால் இது புளிப்பைப் பார்ப்பதில்லை, டி.என்.ஏ. பெருகும்போது வருகிற ஒளியைப் பார்க்கிறது. பாட்டரியில் ஓடும், ஏ.சி. ரூம் கேட்காது, ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிவு சொல்லிவிடும். காசநோயைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. அதே வருஷம் கோவிட் டெஸ்டுக்கும் நாடு முழுக்க இந்தப் பெட்டி உழைத்தது.

காசநோயைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2023-ல் உலகத்தில் சுமார் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்கு அந்த நோய் வந்தது. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இந்தியாவில்! "அதெல்லாம் ஏழைகளுக்கு வர்ற வியாதி சார்" என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கிருமி காற்றில் வருகிறது. உங்கள் வருமானத்தை விசாரித்துவிட்டு அது மூக்குக்குள் நுழைவதில்லை.

ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை 1882-ல் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்ப்பதுதான் பிரதான வழியாக இருந்தது. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குத் தட்டுப்படும். அதற்குக் கீழே இருந்தால் 'நெகட்டிவ்'. நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பேரன் படுத்திருப்பான். டி.என்.ஏ. டெஸ்ட் இதைவிட மிகக் குறைவான கிருமிகளையும் பிடித்துவிடுகிறது. அதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா, மசியாதா என்றும் சொல்லிவிடுகிறது.

இங்கே நம் சென்னையைப் பற்றி ஒரு பெருமையான செய்தி. 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். இந்த மையத்தின் டாக்டர்கள், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பது போலவே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டினார்கள். ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடி வரலாம் என்று நிரூபித்த ஊர் இது. சிகிச்சை வீட்டுக்கு வந்து அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெஸ்ட் மட்டும் ஏன் இன்னும் மாவட்டத் தலைநகர லேபிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்? இந்தப் பெட்டிகள் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்தான் என்பது என் கட்சி.

பிரிண்டர் மலிவு, மை விலை

வீட்டில் பிரிண்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். மெஷின் விலை கேட்டால் சந்தோஷமாக இருக்கும். மை தீர்ந்த பிறகுதான் கண்ணைக் கட்டும். டெஸ்ட் பெட்டிகளின் கதையும் இதேதான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு புதுச் சில்லோ, கார்ட்ரிட்ஜோ செலவாகும். காசநோய்க்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற 'ஜீன்எக்ஸ்பர்ட்' என்ற அமெரிக்க மெஷினின் கார்ட்ரிட்ஜ், ஏழை நாடுகளுக்கு 2012-லிருந்து 9.98 டாலராக இருந்தது. தொண்டு நிறுவனங்கள் வருஷக்கணக்கில் கூச்சல் போட்ட பிறகு, 2023 செப்டம்பரில்தான் 7.97 டாலராகக் குறைந்தது. இரண்டு டாலர் குறைய பதினோரு வருஷம்!

செமிகண்டக்டர் சில்லின் மேல் எனக்கு நம்பிக்கை வருவது இதனால்தான். செல்போன் சில்லு செய்கிற அதே மாதிரித் தொழிற்சாலையிலேயே இதையும் செய்யலாம். லட்சக்கணக்கில் செய்தால் விலை இறங்கும். இறங்கிய விலை நோயாளியின் பில்லிலும் தெரிய வேண்டும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நம் ஜாதகத்தை ஏன் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்?

இதுவரை கிருமியின் ஜாதகம். இனி நம்முடையது.

டூமாசூ பங்குதாரராக இருந்து தொடங்கிய ஒரு கம்பெனி 2019-ல் லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் ஒரு கடை திறந்தது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் உங்கள் டி.என்.ஏ.வை ஒரு பெட்டியில் பார்த்து, கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை தருவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கெட் பாக்கெட்டின் பார்கோடு மேல் அதைக் காட்டினால், உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று பச்சை, சிவப்பு விளக்கு எரியும்!

மறு வருஷம் கோவிட் வந்தது. அதே கம்பெனி தன் பெட்டியைக் கோவிட் டெஸ்டுக்கு மாற்றியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிவு. பிரிட்டிஷ் அரசாங்கம் 58 லட்சம் டெஸ்டுகள் வாங்கப் போவதாக 2020 ஆகஸ்டில் அறிவித்தது. யோசித்துப் பாருங்கள். பிஸ்கெட் பொறுக்கியபோது அது ஒரு விளையாட்டுச் சாமான். கிருமியைத் தேடியபோது உயிர் காக்கும் கருவி. கேட்ட கேள்விதான் வேறு!

கிருமியிடம் கேட்கும் கேள்விக்கு 'உண்டு, இல்லை' என்று பதில் வருகிறது. உடனே மருந்து கொடுக்கலாம், நிறுத்தலாம். "எனக்கு ஐம்பது வயசில் சர்க்கரை வருமா?" என்று நம் டி.என்.ஏ.வைக் கேட்டால் 'வாய்ப்பு கொஞ்சம் அதிகம்' என்று ஒரு மழுப்பலான பதில்தான் வரும். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை இருந்தால் உங்களுக்கே அது தெரியாதா? பதில் தெரிந்த பிறகு தருகிற யோசனையும் புதிதல்ல: நட, சோற்றைக் குறை, இனிப்பைத் தள்ளு. இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வானேன்?

மரபணு டெஸ்டே கூடாது என்று சொல்லவில்லை. தலசீமியா உள்ள குடும்பம், இளவயதில் மார்பகப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்த குடும்பம், இவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் டாக்டர் சொல்லி, ஆலோசனையோடு செய்ய வேண்டியது. 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்புடன் டி.என்.ஏ. ஃப்ரீ' என்று தருகிற சமாச்சாரம் அல்ல.

இன்னொரு பயமும் இருக்கிறது. அமெரிக்காவில் '23அண்ட்மீ' என்ற கம்பெனியிடம் லட்சக்கணக்கானவர்கள் ஆசையாக எச்சில் கொடுத்து ஜாதகம் பார்த்தார்கள். 2023-ல் அதன் கணினியில் திருடர்கள் புகுந்து, சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்துப் போய்விட்டார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. பாங்க் பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வை மாற்ற முடியுமா? அது உங்களுடையது மட்டுமில்லை. உங்கள் தங்கையுடையதும்தான், உங்கள் பிள்ளையுடையதும்தான்.

எல்லாவற்றையும் விட எனக்கு வயிற்றைக் கலக்குவது ஒன்று உண்டு. ஸ்கேன் மெஷின் நம் நாட்டுக்கு வந்தது, குழந்தை வயிற்றில் நன்றாக வளர்கிறதா என்று பார்க்க. அதை என்ன பாடு படுத்தினோம் என்று நமக்கே தெரியும். பெண் சிசுவைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் மத்திய அரசு சட்டமே போட்டது. கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவும் அவர் சகாக்களும் 1997-ல் காட்டினார்கள். நாளைக்கு டி.என்.ஏ. பெட்டி சட்டைப் பைக்குள் வந்துவிட்டால்? ஸ்கேன் சென்டருக்கு சீல் வைக்கலாம். சட்டைப் பைக்கு எப்படி சீல் வைப்பது? பெட்டி மலிவாகி ஊர் முழுக்கப் பரவுவதற்கு முன்னாலேயே, எந்தப் பெட்டியில் எந்தச் சில்லைப் போடலாம், யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்று கணக்கு வைக்க வேண்டும். ஸ்கேன் விஷயத்தில் சட்டம் பின்னால் ஓடி வந்தது. இந்தத் தடவை முன்னால் நிற்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது, நான் என்ன செய்ய?" என்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, "பாக்டீரியாதான்னு தெரியுமா டாக்டர்? டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்று பணிவாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நாமாகவே "ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதை முதலில் நிறுத்துவோம்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "டி.என்.ஏ. முறையில் சளி டெஸ்ட் பண்ண முடியுமா?" என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். காசநோய் டெஸ்டும் மருந்தும் அங்கே இலவசம். சாம்பிள் கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிவிட்டு வராதீர்கள். நெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டிச் சளிதான் வேண்டும். எவ்வளவு உசத்தியான பெட்டியும், கொடுத்த சாம்பிளைத்தான் பார்க்கும்.

முடிவு வந்தால் அதை டாக்டரிடம் கொண்டுபோங்கள், நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். பெட்டிக்குச் செத்த கிருமி, உயிருள்ள கிருமி என்ற பேதம் தெரியாது. மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் செத்த கிருமியின் டி.என்.ஏ. சில காலம் தட்டுப்படலாம். சில பாக்டீரியாக்கள் தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அதைப் பிடித்துக் காட்டினாலும் ஜுரத்துக்குக் காரணம் அதுதான் என்று ஆகாது. சில்லு சாட்சி சொல்லும். தீர்ப்பு டாக்டருடையது.

'உங்கள் மரபணுவுக்கேற்ற டயட்' என்று யாராவது எச்சில் கேட்டு வந்தால், அந்த விவரம் எங்கே, எத்தனை வருஷம் வைக்கப்படும், யாருக்கு விற்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் எச்சிலும் கொடுக்காதீர்கள், காசும் கொடுக்காதீர்கள்.

ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று எவராவது எந்தப் பெட்டியோடு வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். புகாரும் கொடுங்கள்.

சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிச் சாமான். இன்று பீரோவில் பாட்டியின் மூக்குக் கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது. டி.என்.ஏ. சில்லும் ஒரு நாள் அப்படி வரும். வரும்போது அதனிடம் என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசி வையுங்கள்.